முடிந்து வைத்ததும் முடிக்காமல் விட்டதும்

வாசகர் கேள்வி – பதில்: வீட்டு வழிபாடும் சங்கல்பமும்

மும்பை வாசகர்களின் கடிதங்கள் பலவும் இம்முறை ஒரே விஷயத்தைத் தொட்டு வந்திருக்கின்றன. எப்போதோ வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காசு, எண்ணத் தொடங்கி நின்றுபோன ஜபம், சொல்லிவிட்டுச் செலுத்தாத நேர்த்திக்கடன்: இவற்றுக்கு இப்போது எப்படித் திரும்புவது? ஒவ்வொன்றுக்கும் வழி வேறு என்பதால் தனித்தனியாகவே பதில் தருகிறேன்.

கேள்வி: எங்கள் கட்டடம் ரீடெவலப்மென்டுக்குப் போகிறது. பூஜை அலமாரியைக் காலி செய்தபோது பின்னால் ஏழு மஞ்சள் முடிச்சுகள் கிடைத்தன. மூன்று நான் முடிந்தவை. அவற்றில் ஒன்றுதான் எதற்கென்று நினைவிருக்கிறது. மற்ற நான்கும் மறைந்த என் மாமியார் முடிந்தவை. எல்லாவற்றையும் இங்கேயே ஒரு கோயில் உண்டியலில் போட்டுவிடலாமா அம்மா? — மாதுங்கா வாசகி

பதில்: பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். முடிந்து வைத்த காசு காணிக்கை அல்ல, அச்சாரம். 'இந்தக் காரியம் நடந்தால் வந்து செலுத்துகிறேன்' என்று ஒரு தெய்வத்திடம் சொன்ன வாக்கு அதற்குள் இருக்கிறது. யாரிடம் என்ன சொன்னோம் என்று பார்க்காமல் மொத்தமாக உண்டியலில் கொட்டினால் காசு போய்விடும், வாக்கு அப்படியே நிற்கும்.

முதலில் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்து வையுங்கள். விளக்கேற்றி, ஒரு தாம்பாளத்தில் ஒரு நேரத்தில் ஒரு முடிச்சை மட்டும் அவிழுங்கள். ஏழையும் ஒன்றாக அவிழ்த்தால் எந்தக் காசு எந்தத் துணியில் இருந்தது என்பது கலந்துவிடும். பிறகு அதைச் சரிசெய்ய முடியாது. உள்ளே இருப்பதை எல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். உலர்ந்த இலை வில்வமா, துளசியா, வேப்பிலையா? திருநீறா, குங்குமமா? விரலி மஞ்சள் உண்டா? வில்வம் சிவனையும், துளசி பெருமாளையும், வேப்பிலை அம்மனையும் காட்டும். திருநீறு மட்டும் இருந்தால் சிவனோ முருகனோ; அதற்கு மேல் வீட்டுப் பழக்கம்தான் சொல்ல வேண்டும்.

அடுத்து காசைப் பாருங்கள். அதில் அச்சிட்ட ஆண்டுக்கு முன் அந்த வேண்டுதல் நடந்திருக்க முடியாது. புதிய ரூபாய்க் குறி பொறித்த காசு 2011-இல்தான் வந்தது. அந்தக் குறி இருந்தால் முடிச்சு அதற்குப் பிந்தையது. உள்ளே நாலணாக் காசு இருந்தால், பெரும்பாலும் 'ஒண்ணேகால் ரூபாய்' என்று கணக்கு வைத்து முடிந்தது. நாலணா என்கிற இருபத்தைந்து பைசாவும் அதற்குக் குறைந்தவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. ஆண்டு கையில் வந்துவிட்டால் நினைவு தானாகத் திறக்கும்: அந்த வருடம் வீட்டில் யாருக்குப் பரீட்சை, யாருக்குப் பிரசவம், யார் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள் என்று நாத்தனார், கொழுந்தன் எல்லோரையும் கேட்டுவிடுங்கள்.

இப்போது உங்களுடைய மூன்று. காரியம் நடந்திருந்தால் அது கடன். சொன்ன தெய்வத்துக்கு, சொன்ன இடத்தில், சொன்னதைச் செலுத்த வேண்டும். முடிந்த காசு அதே காசாக உண்டியலுக்குப் போகட்டும். அதைச் செலவழித்துவிட்டு வேறு காசு வைக்காதீர்கள். செல்லாத நாலணாவை அதோடு சேர்த்துப் போட்டு, ஈடாக இன்று செல்லும் ஒரு ரூபாயைக் கூட வையுங்கள். காரியம் நடக்கவில்லை, ஆனால் இன்னும் வேண்டும் என்றால் புதுத் துணியில் அதே காசோடு இன்னொரு காசு சேர்த்து மறுபடி முடியுங்கள். நடக்கவில்லை, இனி வேண்டவும் வேண்டாம் என்றால் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 'இதைக் கேட்டேன், இப்போது எனக்கு இது வேண்டாம், இந்தக் காசை ஏற்றுக்கொள்' என்று அந்தத் தெய்வத்தின் படத்துக்கு முன் சொல்லிவிட்டுச் செலுத்துங்கள். இந்த ஒரு வாக்கியத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பழைய வேண்டுதலை வாபஸ் வாங்காமல் அதற்கு நேர் எதிரான புதிய வேண்டுதலை வைப்பார்கள். மாப்பிள்ளை இன்னாராக அமைய வேண்டும் என்ற முடிச்சு உள்ளே இருக்கும்போதே வேறொருவருக்கு அடுத்த முடிச்சு விழும்.

மாமியாருடைய நான்கு: அவருடைய ஆசையை நீங்கள் தொடர முடியாது, கடனை மட்டும் தீர்க்கலாம். தெய்வம் தெரிந்தால் அங்கே, தெரியாவிட்டால் குலதெய்வத்துக்கு. குலதெய்வம் கோயில் ஊரில் இருந்தால் நான்கையும் அவர் பெயர் எழுதிய ஒரே துணியில் சேர்த்து, அடுத்த முறை போகும்வரை தனியாக வையுங்கள். ரூபாய் நோட்டு வைத்து முடிந்திருந்தால் அதையும் பாருங்கள். பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் 2016 நவம்பர் 8-ஆம் தேதி செல்லாதவையாக அறிவிக்கப்பட்டவை. அவற்றை உண்டியலில் போட்டால் கோயிலுக்கு ஒரு பைசா பயனில்லை. அந்தத் தொகையை நடப்பு நோட்டாகச் செலுத்துவதே சரி.

துணியை உண்டியலில் போடாதீர்கள். பருத்தித் துணியானால் துளசி மாடத்து மண்ணில் துண்டு துண்டாகப் புதைத்துவிடலாம், மக்கிவிடும். கட்டியிருந்த நூல் நைலானாக இருந்தால் அதைப் பிரித்து எடுத்துவிடுங்கள், அது மக்காது. கடலில் விடவே வேண்டாம்.

கேள்வி: மகன் வேலைக்காக மஞ்சள் துணியில் 11 ரூபாயும் கோயில் திருநீறும் வைத்து முடிந்திருந்தேன். மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தால் துணியில் ரத்தக்கறை போலச் சிவப்புத் திட்டுகள். வெளிப்பக்கம் வெளுத்தும் போயிருக்கிறது. யாரோ ஏதோ செய்துவிட்டார்களா? பயமாக இருக்கிறது. — செம்பூர் வாசகி

பதில்: யாரும் எதுவும் செய்யவில்லை. மஞ்சளோடு காரம் சேர்ந்தால் சிவக்கும். குங்குமம் செய்யும் முறையே அதுதான், மஞ்சளும் சுண்ணாம்பும். சாணத்தைச் சுட்டு எடுத்த திருநீறும் காரத்தன்மை உடையது. உலர்ந்திருக்கும்வரை ஒன்றும் ஆகாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பைக் காற்றில் இருக்கும் ஈரத்தைத் திருநீறு இழுத்துக்கொள்ளும். ஈரத் திருநீறு துணி மஞ்சளைத் தொட்ட இடமெல்லாம் சிவக்கும். வெளிப்பக்கம் வெளுத்ததற்குக் காரணம் வெளிச்சம். மஞ்சள் சாயம் வெயிலிலும் டியூப்லைட் அருகிலும் நிறம் இழக்கும். சந்தேகம் இருந்தால் அந்தத் திட்டின் மேல் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், மறுபடி மஞ்சளாகும். ரத்தம் அப்படி மாறாது.

புதிதாக முடியும்போது ஒரு சாண் சதுரத்தில் வெள்ளைப் பருத்தித் துணியைக் கிழித்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூள் கரைத்து முக்கி, நிழலில் முழுக்க உலர்த்துங்கள். துவைத்த துணியில் சோப்பு மிச்சம் இருந்தால் அதுவும் சிவக்க வைக்கும். நன்றாக அலசிவிட்டு முக்கவும். திருநீற்றைத் தனியாக ஒரு சிறு காகிதப் பொட்டலமாக மடித்து வையுங்கள், துணியில் நேராகக் கொட்டாதீர்கள். முடிச்சை எவர்சில்வர் டப்பாவில் ஒரு பிடி பச்சரிசியின் மேல் வைத்தால் ஈரம் அவ்வளவாக ஏறாது. அரிசியை மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை மாற்றுங்கள், இல்லாவிட்டால் வண்டு வரும்.

கேள்வி: 2023 ஆடிக் கிருத்திகையன்று 48 நாளில் ஒரு லட்சம் 'ஓம் சரவணபவ' என்று சங்கல்பம் செய்துகொண்டு தொடங்கினேன். தினம் 21 ஜபமாலை. 30-ஆம் நாள் ஆபீஸ் வேலையில் விட்டுப்போனது, பிறகு தொடவே இல்லை. 609 மாலை முடிந்திருக்கிறது. 610-லிருந்து தொடரலாமா? — முலுந்து வாசகர்

பதில்: தொடர முடியாது. சங்கல்ப மந்திரத்தைச் சொல்லிப் பாருங்கள், காரணம் அதிலேயே இருக்கிறது. 'ப்ரபவாதி ஷஷ்டி ஸம்வத்ஸராணாம் மத்யே' என்று அறுபது வருடங்களில் இது எந்த வருடம் என்று சொல்லி, அயனம், ருது, மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம் என்று இறங்கி, கடைசியில்தான் என்ன செய்யப்போகிறேன் என்று வருகிறது. உங்கள் சங்கல்பம் சோபகிருது வருடத்து ஆடி மாதத்தில் ஒரு குறிப்பிட்ட நாளுக்குக் கட்டப்பட்டது. பிறகு குரோதி, விசுவாவசு என்று வருடங்கள் மாறிவிட்டன. தேதியிட்ட பத்திரத்தில் பழைய தேதியை வைத்துக்கொண்டு இன்று கையெழுத்துப் போட முடியாதல்லவா?

609 மாலையும் வீண் இல்லை. அதைச் சொல்லிச் சமர்ப்பித்து முடிக்க வேண்டும். ஒரு செவ்வாயோ கிருத்திகையோ பார்த்து, விளக்கேற்றி, 'ஒரு லட்சம் என்று சொன்னேன், அறுபதாயிரத்துத் தொள்ளாயிரம் செய்தேன், மீதி செய்யவில்லை, செய்த அளவு உனக்கு' என்று தமிழிலேயே சொல்லி உத்தரணியால் ஒரு கரண்டி தண்ணீர் விடுங்கள். மாலைக்கு 108 மணி இருந்தாலும் 100 என்று கணக்கு வைத்து, எட்டைப் பிழைக்கு விடுவது வழக்கம். அப்படித்தான் 609 மாலை 60,900 ஆகிறது. பழைய சங்கல்பம் அதோடு முடிந்தது.

புதிதாக எடுப்பதற்கு முன் ஏன் நின்றது என்று பாருங்கள். 'ஓம் சரவணபவ' நிதானமாகச் சொன்னால் இரண்டு வினாடி. ஒரு மாலைக்கு மூன்றரை நிமிடத்துக்கு மேல். 21 மாலைக்கு ஒன்றேகால் மணி நேரம். காலை லோக்கல் ட்ரெயினைப் பிடிக்க வேண்டிய ஒருவர் அதை 48 நாளும் செய்வது கடினம். பெரும்பாலும் 20-ஆம் நாளுக்கு மேல் வேகம் கூடிவிடும், 'சரவணபவ' 'சரணபவ' ஆகிவிடும். எழுத்து விழுந்த ஜபத்தை எண்ணிக்கையில் சேர்ப்பதைவிட நிறுத்துவதே மேல். தினம் 3 மாலை எடுங்கள். 48 நாளில் 144 மாலை, 14,400. பத்தே முக்கால் நிமிட வேலை. அது முழுதாக நிறைவேறிய பிறகு அடுத்த 48 நாள் மண்டலத்துக்கு 5 மாலையாக்கலாம்.

ட்ரெயினில் சொல்வதை மனத்துக்குள் சொல்லுங்கள், நல்லதுதான். ஆனால் கணக்கில் சேர்க்காதீர்கள். தீட்டு நாட்கள் வந்தால் அவற்றை விட்டுவிட்டுக் கடைசியில் அத்தனை நாள் கூட்டிக்கொள்வது பல வீடுகளில் வழக்கம். அப்படியானால் தொடங்கும் நாளிலேயே அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், நடுவில் விதி மாற்ற வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. நோட்டில் எழுதும் ஸ்ரீராமஜெயத்தை நாள் கணக்கு வைக்காமல் எண்ணிக்கைக்கு மட்டும் எடுத்திருந்தால், எத்தனை வருட இடைவெளி விழுந்தாலும் விட்ட வரியிலிருந்தே எழுதலாம். நாளைக் குறிக்காததால் நாள் தவறவும் இல்லை.

கேள்வி: துர்க்கைக்குச் செவ்வாய் ராகு காலத்தில் 9 வாரம் எலுமிச்சை விளக்கு என்று வேண்டி, 5 வாரத்தோடு நின்றுவிட்டது. திரும்பத் தொடங்க ஆசை. ஊரிலிருந்து வரும் நாள்காட்டியில் 3 முதல் 4.30 என்று போட்டிருக்கிறது. அதே நேரம்தானா? — டோம்பிவிலி வாசகி

பதில்: வாரக் கணக்கும் சங்கல்பம்தான், ஒன்பதையும் முதலிலிருந்து எடுங்கள். நேரத்தைப் பற்றி நீங்கள் கேட்டதில் மகிழ்ச்சி, இங்கே பெரும்பாலானவர்கள் யோசிப்பதே இல்லை. 3 முதல் 4.30 என்பது காலை 6 மணிக்குச் சூரியன் உதித்து மாலை 6-க்கு மறைவதாக வைத்துப் போட்ட கணக்கு. உண்மையில் பகல் பொழுதை எட்டாகப் பிரித்து, செவ்வாய்க்கு ஏழாவது பங்கு. மும்பை சென்னைக்கு மேற்கே ஏழரை பாகை (டிகிரி) தள்ளி இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் என்று சூரியன் இங்கே ஏறக்குறைய அரை மணி தாமதம். ஜூன் பிற்பாதியில் இங்கே செவ்வாய் ராகு காலம் சுமார் 4 மணிக்குத் தொடங்கி 5.40 வரை போகும். டிசம்பர் நடுவில் சுமார் 3.20 முதல் 4.40 வரை. உங்கள் தினசரியில் வரும் உதய, அஸ்தமன நேரத்தை வைத்து வாராவாரம் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். திதி, நட்சத்திரம் முடியும் நேரம் நாடு முழுக்க ஒன்றே, அதை நாள்காட்டியில் உள்ளபடி எடுக்கலாம்.

போன ஐந்து வாரம் 3 மணிக்கே ஏற்றியிருந்தால் அதற்காக வருந்த வேண்டாம். பெரும்பாலான கோயில்களிலும் அந்தப் பொது நேரத்தைத்தான் பின்பற்றுகிறார்கள்.

விளக்கு படபடத்து அணைவதாகவும் எழுதியிருந்தீர்கள். பழத்தை இரண்டாக்கிச் சாறு பிழிந்து உட்புறம் வெளியே வரும்படி திருப்பிய பின், உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். சாறு மிச்சம் இருந்தால் திரியில் ஏறும், தண்ணீர் ஏறிய திரி சடசடக்கும். அதைச் சகுனமாக எடுக்காதீர்கள்.

கேள்வி: பையனுக்கு இரண்டு வயதில் நிமோனியா வந்தபோது, குணமானால் குருவாயூரில் ஒரு ரூபாய்க் காசால் துலாபாரம் என்று வேண்டினேன். அப்போது 11 கிலோ. இப்போது 16 வயது, 54 கிலோ, வர மறுக்கிறான். அப்போதைய எடைக்குச் செலுத்தினால் போதாதா? — நெருள் வாசகர்

பதில்: துலாபாரம் என்றால் தட்டில் ஆள் உட்கார வேண்டும்; உட்காரும் நாளின் எடைதான் கணக்கு. 2011-க்குப் பின் வந்த ஒரு ரூபாய்க் காசு 3.79 கிராம். 54 கிலோவுக்கு ஏறக்குறைய 14,250 காசு, அதாவது அத்தனை ரூபாய். 11 கிலோவானால் 2,900 ரூபாய்க்கு முடிந்திருக்கும். அண்மையில் வந்த ஒரு ரூபாய் இன்னும் லேசு, 3.09 கிராம்தான், அதுவே முழுக்க இருந்தால் 17,500 காசுக்குப் போகும். கோயிலிலேயே காசு வைத்துத் தருவார்களா, நீங்கள் கொண்டுபோக வேண்டுமா என்று முன்கூட்டியே தேவஸ்வம் என்ற கோயில் நிர்வாகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பையனைப் பற்றி என் அபிப்பிராயம்: வேண்டியது நீங்கள், அவனைக் கேட்கவில்லை. வற்புறுத்தித் தட்டில் ஏற்ற வேண்டாம். அந்தக் காய்ச்சல் இரவுகளை அவனுக்குச் சொல்லுங்கள். அவனுக்கு அது நினைவே இருக்காது. அதன் பிறகும் மறுத்தால், 'அவனுக்குப் பதில் நான்' என்று சொல்லி நீங்களே தட்டில் உட்காருங்கள், உங்கள் எடைக்கு. செலவு கூடும். வாக்குக் கொடுத்தவரே சுமப்பது நியாயம்தான். அதுவரை ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து, 'மறக்கவில்லை, இந்த வருடத்துக்குள் வருகிறேன்' என்று வைத்திருங்கள்.

கேள்வி: சொந்த வீடு கிடைத்தால் மெழுகில் வீடு செய்து வைப்பதாக பாந்திரா மாதா கோயிலில் வேண்டியிருந்தேன். வீடு கிடைத்து நாலு வருஷம் ஆகிவிட்டது. செப்டம்பர் திருவிழாவில்தான் வைக்க வேண்டுமா? — தாராவி வாசகி

பதில்: வேண்டியதில்லை. செப்டம்பர் 8-ஐ ஒட்டிய அந்த வாரத்தில் கூட்டம் நெருக்கும். மெழுகு உருவங்கள் மற்ற நாட்களிலும் கோயில் வாசலிலேயே கிடைக்கும். கேட்கும்போது வைப்பதும் வீடுதான், கிடைத்த பின் வைப்பதும் வீடுதான் என்பதால், இது நன்றி என்று வாய்விட்டுச் சொல்லி வையுங்கள். தாமதித்ததற்கு அபராதம் எதுவும் கிடையாது.

கேள்வி: மூன்று வருடத்துக்கு முன், வீடியோ பார்த்து ஒரு தேன் ஜாடி செய்தேன். அலுவலகத்தில் ஒருவர் என்மேல் பிரியமாக இருக்க வேண்டும் என்று அவர் பெயரை எழுதி, பட்டை, உலர்ந்த ரோஜா சேர்த்து மூடி, மூடிமேல் மெழுகுவர்த்தி ஏற்றிவந்தேன். இப்போது எனக்கு வேறு வாழ்க்கை. ஜாடி அலமாரியில் இருக்கிறது, மூடி உப்பியிருக்கிறது. — பவாய் வாசகி

பதில்: இது அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஹூடூ மரபில் வரும் 'இனிக்கச் செய்யும்' முறை. ஒருவருடைய பெயரை எழுதி, தாளைத் திருப்பி, குறுக்கே தன் வேண்டுதலை எழுதி இனிப்பில் அமிழ்த்துவார்கள். நம் ஊர்ப் பூஜை விதிகளை அதன்மேல் ஏற்றிக் குழப்பிக்கொள்ள வேண்டாம். எந்த மரபானாலும், இன்னொருவர் பெயரை அவர் அறியாமல் கட்டி வைத்ததை முதலில் அவிழ்க்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மூடி உப்பியதற்குக் காரணம் புளிப்பு. தேனில் தண்ணீர் ஏறக்குறைய 20 சதவீதத்தைத் தாண்டினால் நொதிக்கும். சரியாக உலராத இதழும் மூடி இடுக்கு வழியாக ஏறிய மழைக்கால ஈரமும் அந்த அளவுக்குக் கொண்டுபோய்விடும். உள்ளே வாயு அழுத்தம் இருக்கும். குலுக்காதீர்கள். சிங்க்கில் நிற்க வைத்து, தடித்த துண்டால் மூடி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு மூடியைக் கால் சுற்று திருப்புங்கள். சத்தம் அடங்கும்வரை காத்திருந்து பிறகு முழுக்கத் திறங்கள். மெழுகு எரிந்த சூட்டில் கண்ணாடியில் கீறல் விட்டிருக்கக் கூடும், ஆகையால் கையுறை போடுங்கள்.

தாளை எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் அலசுங்கள். மை கரையும்போது அவர் பெயரைச் சொல்லி, 'நான் கேட்டதை விட்டுவிட்டேன், உன் வழி உனக்கு' என்று சொல்லுங்கள். தாளை நனைந்தபடியே கிழித்து மண்ணில் புதையுங்கள். எரித்தால் தேன் கருகிப் பாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும். மீதித் தேனைத் தாராளமாகத் தண்ணீர் விட்டுக் கரைத்து ஊற்றிவிடுங்கள். செடித் தொட்டியில் வேண்டாம், எறும்பு ஏறும். யாரும் அதை நாக்கில் வைக்க வேண்டாம். ஜாடியைக் கழுவி மறுபடி இதே வேலைக்கு எடுக்காதீர்கள்.

கேள்வி: அப்பா காலத்துச் செப்புத் தகட்டில் பொறித்த பூசைக் கட்டம் (யந்திரம்) பச்சை படர்ந்து மறைந்துவிட்டது. தேய்த்து, நானே புதிதாக வேண்டுதல் வைத்து வழிபடலாமா? — தாணே வாசகர்

பதில்: தகட்டை வைத்து உங்கள் அப்பா என்ன செய்தார் என்று தெரிந்தால் மட்டும். தெரியாவிட்டால் சுத்தம் செய்து அவர் படத்தருகே வையுங்கள். உங்கள் வேண்டுதலுக்குப் புதுத் தகடு எடுத்துக்கொள்ளுங்கள்.

நெல்லிக்காய் அளவு புளியை ஊற வைத்துக் கெட்டியாகக் கரைத்து, தகட்டில் பூசிப் பத்து நிமிடம் விடுங்கள். புளியின் அமிலமே பச்சையைக் கரைக்கும். தேங்காய் நாரோ செங்கல் பொடியோ போட்டுத் தேய்க்காதீர்கள், கோடு ஆழம் குறைந்து எழுத்து அழியும். பழைய மெல்லிய டூத் பிரஷ் போதும். பிறகு நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசி உடனே துணியால் துடைத்து, வெயிலில் அரை மணி வையுங்கள். புளி மிச்சம் இருந்தால் ஒரே வாரத்தில் முன்னைவிட அதிகமாகப் பச்சை ஏறும்.